சிரித்தபடி நிற்கும் சிப்பாய்

1952ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி லண்டனில் வெளிவந்த 'டெய்லி வொர்க்கர்' நாளிதழில், மலாயாவில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் அச்சாகியிருந்தது. பிரிட்டனின் ராயல் மரின் கமாண்டோக்கள் தங்கள் ராணுவ முகாமுக்குள் வெட்டப்பட்ட மனிதத் தலையோடு நிற்கிறார்கள். அடுத்து வந்த நாட்களில் அதே நாளிதழ் இன்னும் சில படங்களை வெளியிட்டது. அவற்றோடு சேர்த்துப் பேசப்படும் படங்களில் இன்று இணையத்தில் அதிகம் கண்ணில் படுவது ஓர் இளம் சிப்பாயின் படம்தான். வயது இருபது, இருபத்திரண்டு இருக்கலாம். இரண்டு கைகளிலும் ஆளுக்கொரு தலையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறான். சிரிக்கிறான். பெரிய மீன் சிக்கியவன் ஆற்றங்கரையில் நின்று படம் எடுத்துக்கொள்வானே, அந்த மாதிரி.

படத்தின் கொடூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பார்த்தால் போதும். என்னைப் பல மாதங்களாக இழுத்துக்கொண்டிருப்பது அதைச் சுற்றி நடந்த பேச்சு. யார் என்ன சொன்னார்கள், எந்த வரிசையில் சொன்னார்கள், எதைப் பற்றிப் பேசாமலேயே விட்டார்கள் என்பது. எழுபது ஆண்டுகள் கழித்து அதே படத்தை நண்பர்களிடம் காட்டியபோது பேச்சு ஏறக்குறைய அதே வரிசையில்தான் போனது. அதையும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம். 1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களுக்குள் நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை வரை நீடித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் துப்பாக்கியும் விமானக் குண்டும் முள்கம்பியுமாக நடந்த ஒன்றுக்கு 'அவசரகாலம்' என்று ஏன் பெயர்? பரவலாகச் சொல்லப்படும் காரணம் காப்புறுதி. போர் என்று அறிவித்திருந்தால் ரப்பர் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் லண்டன் காப்புறுதிக் கம்பெனிகள் இழப்பீடு தந்திருக்காது. ஆகவே போர் என்ற சொல்லைத் தவிர்த்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1951 அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கிய கெரில்லாக்களால் கொல்லப்பட்டார். 1952 பிப்ரவரியில் அந்த இடத்துக்கு ஜெனரல் டெம்ப்ளர் வந்தார். மக்களின் மனங்களை வெல்வது பற்றி அவர் பேசியதாக நம் பாடப்புத்தகங்கள் சொல்லும். வந்த அடுத்த மாதமே தஞ்சோங் மாலிம் மக்கள் துப்புக் கொடுக்கவில்லை என்று ஊருக்கே ஒரு நாளில் 22 மணிநேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தவர் அவர்தான். தலைகளின் படம் லண்டனில் வெளியானபோது அவர் வந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

தலைகளை ஏன் வெட்டினார்கள்? அதிகாரபூர்வமான பதில், அடையாளம் காண்பதற்காக என்பது. காட்டுக்குள் பல நாள் நடைத் தூரத்தில் ஒரு கெரில்லா கொல்லப்படுகிறான். அவன் யார் என்று போலீஸின் உளவுப் பிரிவுக்குத் தெரிய வேண்டும். அவர்களிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு தலைவரின் உயிருக்கும் விலை குறிக்கப்பட்டிருந்தது. சடலத்தைக் கம்பில் கட்டி, மேட்டிலும் சேற்றிலும் தூக்கிக்கொண்டு வருவது கடினம். எனவே தலை மட்டும் போதும். கணக்காகப் பார்த்தால் இது சரக்குப் போக்குவரத்துச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த தீர்வு. ஆனால் அடையாளம் காண்பதற்காகக் கொண்டுவந்த தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏன் சிரிக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்தப் பதிலில் இடமில்லை.

படம் வெளியானதும் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமும் காலனி அலுவலகமும் சொன்ன முதல் வார்த்தை 'போலி'. டெய்லி வொர்க்கர் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சிக்கு நெருக்கமான பத்திரிகை. போர்க்காலத்தில், 1941 ஜனவரியிலிருந்து 1942 செப்டம்பர் வரை அரசாங்கத்தால் தடை செய்யப்பட்டிருந்த பத்திரிகை. அப்படிப்பட்டவர்கள் ஒட்டி வெட்டித் தயாரித்த படம் என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் இருந்தது. பத்திரிகை அடுத்த படத்தை வெளியிட்டது. கடைசியில் காலனிகளுக்கான அமைச்சர் ஆலிவர் லிட்டல்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து, படங்கள் உண்மையானவைதான் என்று ஒப்புக்கொண்டார். முதல் படம் வந்ததற்கும் இதற்கும் இடையில் இருந்தது சில நாட்கள்தான்.

அதன் பிறகு உலகமே கொதித்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பிரிட்டனின் பெரிய நாளிதழ்கள் எதுவும் அந்தப் படங்களை வெளியிடவில்லை. டெய்லி வொர்க்கர் மட்டுமே வெளியிட்டது. கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. கொல்லப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகள், படத்தைப் போட்டதும் கம்யூனிஸ்ட் பத்திரிகை. விஷயம் குடும்பத்துக்குள்ளேயே முடிந்துபோனது மாதிரி ஆகிவிட்டது.

அலுவலகத்துக்குள் நடந்த பேச்சு வேறு. காலனி அலுவலகத்தின் உள்குறிப்பு ஒன்று, போர்க்காலத்தில் இப்படி நடந்திருந்தால் சர்வதேசச் சட்டப்படி அது போர்க்குற்றம் என்பதில் சந்தேகமில்லை என்று சொல்கிறது. போர்க்காலமாக இருந்திருந்தால். இங்கே நடந்ததோ அவசரகாலம். ரப்பர் தோட்ட முதலாளிகளுக்கு இழப்பீடு கிடைப்பதற்காக வைத்த பெயர் இப்படி இன்னொரு விதத்திலும் கைகொடுத்தது. ஒரு சொல் இரண்டு பக்கமும் லாபம் கொடுத்திருக்கிறது. சொற்களில் அக்கறை உள்ளவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம் இல்லையா, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தலை வெட்டுவது நிறுத்தப்பட வேண்டும் என்று பிறகு உத்தரவு வந்தது. சர்ச்சில் அரசாங்கம் பயந்தது இத்தகைய படங்கள் மேலும் வெளியானால் என்ன ஆகும் என்றுதான். காட்டுக்குள் அந்த உத்தரவு முழுதாக மதிக்கப்படவும் இல்லை. இதற்கு மாற்றாக வந்த ஏற்பாடுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கொல்லப்பட்டவரைப் புகைப்படம் எடு, கைரேகை எடு. அதாவது பாராங் செய்த வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டது. ஒரு புகைப்படம் உண்டாக்கிய தலைவலியைத் தீர்க்க இன்னும் நிறையப் புகைப்படங்கள் எடுத்தார்கள்.

கேமராவுக்கு அந்தக் காலத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. 1948இல் கொண்டுவரப்பட்ட அவசரகாலச் சட்டவிதிப்படி 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். அதில் புகைப்படம், கட்டைவிரல் ரேகை. நம் மைகார்டின் பாட்டன் அதுதான். தோட்டத்து லயங்களில் இருந்த எத்தனையோ தமிழர்களுக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் போட்டோ அந்த அட்டைக்காக எடுத்ததுதான். கல்யாணத்துக்கு இல்லை, திருவிழாவுக்கு இல்லை. சர்க்காருக்கு. கெரில்லாக்கள் அந்த அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டதற்குக் காரணம் இருந்தது. ஒருவனுடைய முகம் அரசாங்கத்தின் கோப்பில் உட்கார்ந்துவிட்டால் அவன் காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே விருப்பம்போல் போய்வர முடியாது.

என் பாட்டிக்கும் முதல் படம் அப்படித்தான். பேராக்கில் ஒரு தோட்டம். மஸ்டர் எடுக்கும் இடத்தில் வெள்ளைத் துணி கட்டி, ஸ்டூல் போட்டு, ஒவ்வொருத்தரையும் உட்காரவைத்து எடுத்தார்களாம். "சிரிக்கக் கூடாதுன்னுட்டான். நான் எங்க சிரிக்கிறேன், பயத்துல ஒண்ணுக்கு வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு இப்போது சிரிப்பார்.

அவரிடம் கம்யூனிஸ்ட் காலத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார். கம்பிவேலி வாசலில் போலீஸ்காரன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பான், பால் வெட்டப் போகும்போது மிச்சச் சோறு கொண்டுபோகக் கூடாது, அரிசி பிடிபட்டால் ஜெயில். பிரிக்ஸ் திட்டம் என்று நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது அவருக்குப் பசி. அந்தத் திட்டத்தில் ஏறக்குறைய 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், 400க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். சிதறிக் கிடந்த தோட்ட லயங்களும் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டு வேலி போடப்பட்டன. இதெல்லாம் அவர் பேச்சில் ஓர் அலுமினியத் தூக்குச்சட்டியின் மூடியாக வந்து நிற்கும்.

ஒருமுறை கைபேசியில் அந்தச் சிப்பாயின் படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதிரவில்லை.

"தல மட்டுமா? நாங்க முழுசாவே பாத்திருக்கோம்டா."

"எங்க பாட்டி?"

"டேசன் முன்னால கெடத்தியிருப்பானுங்க. வரிசையா. எல்லாரும் போயிப் பாக்கணும். லாரி வரும் கூட்டிட்டுப் போக."

"எதுக்குப் பாக்கணும்?"

"பயப்படணும்ல. அப்புறம், நாம அத பாக்கறப்ப அவன் நம்மளப் பாப்பான். யாரு மொகம் மாறுது, யாரு அழுவறான்னு. எங்கம்மா சொல்லித்தான் கூட்டிப் போவும். வாயத் தொறக்காத, கண்ணத் தொடைக்காத, சும்மா பாத்துட்டு வந்துடு."

கொல்லப்பட்ட கெரில்லாக்களின் உடல்களை ஊர்களில் காட்சிக்கு வைத்தது அவசரகால வரலாற்றில் பதிவாகியிருக்கும் விஷயம்தான். படித்திருக்கிறேன். ஆனால் அங்கே பார்வையாளர்களும் பார்க்கப்பட்டார்கள் என்பது பாட்டி சொல்லித்தான் எனக்கு உறைத்தது. புகைப்படங்களைப் பற்றி நாம் படிக்கும் கோட்பாடுகள் பெரும்பாலும் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும் வாசகரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சூசன் சோன்டாக் 1977இல் 'ஆன் ஃபோட்டோகிராஃபி'யில், கொடூரப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நம்மை மரத்துப்போகச் செய்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். 2003இல் வந்த அடுத்த நூலில் தன் கருத்தைத் தானே கேள்விக்கு உட்படுத்தினார். மிக நேர்மையான இரண்டு நூல்கள். ஆனாலும் அழுதால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற நிலையில் நின்று பார்ப்பவளின் முகம் அந்த விவாதத்துக்குள் எங்கே வரும்? அவள் மரத்துப்போகவில்லை. மரத்துப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இனி நண்பர்கள். எங்கள் வாசிப்புக் குழு மாதம் ஒருமுறை கோலாலம்பூரில் ஒரு மாமாக் கடையின் மாடியில் கூடும். எட்டு, பத்து பேர். அவசரகால நாவல்களைப் பற்றிய பேச்சு வந்தபோது அந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டினேன். கூட்டத்தில் சின்னவன், கல்லூரியில் படிக்கிறவன், உடனே கேட்டான்: "ஏஐயா ப்ரோ?"

சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் 1952இல் கடற்படைத் தலைமையகம் சொன்னதும் இதைத்தான். 1972 ஜூன் 8 அன்று வியட்நாமின் டிராங் பாங் அருகே நேப்பாம் குண்டில் எரிந்து ஓடிவந்த சிறுமியின் படம் வெளியானபோது, அமெரிக்க அதிபர் நிக்சன் தன் அறைக்குள் உதவியாளரிடம், அது ஜோடிக்கப்பட்டதாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டுப் பேசியது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. தாங்க முடியாத படத்தைப் பார்த்ததும் அதன் கழுத்தைப் பிடித்து 'நீ உண்மையா' என்று கேட்கிறோம். சின்னவனுக்கும் நிக்சனுக்கும் உள்ள வித்தியாசம், சின்னவன் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அடுத்தது, "வெள்ளைக்காரனே வெட்டினானா?" என்ற கேள்வி. இதுவும் அன்றைய வரிசைதான். போலி என்பது எடுபடாமல் போனதும், பேச்சு இபான்களின் மேல் திரும்பியது. சரவாக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட இபான் தடம்பார்ப்பவர்கள் 1948இலிருந்தே மலாயாக் காடுகளில் பிரிட்டிஷ் படையோடு வேலை செய்தார்கள். தலைகொய்வது அவர்கள் வழக்கம், நாகரிகம் இன்னும் முழுதாக வரவில்லை, நம் பையன்கள் வெறுமனே பக்கத்தில் நின்றார்கள் என்ற தொனி.

இதில் இருக்கும் பொய்யைப் பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சரவாக்கை 1841இலிருந்து ஆண்ட புரூக் குடும்பம் தலைகொய்வதை ஒழித்த பெருமையைக் கொண்டாடிக்கொண்டது. அதே புரூக்குகள் தங்களுக்குப் பிடிக்காதவர்களை அடக்கப் படையெடுத்தபோது இபான் வீரர்களையே கூட்டிக்கொண்டு போனார்கள், அப்போது எடுத்த தலைகளுக்குத் தடை சொல்லவில்லை. 1945இல் ஜப்பானியருக்கு எதிராக டாம் ஹாரிசன் போன்றவர்கள் போர்னியோவின் உட்காடுகளில் நடத்திய 'செமுட்' நடவடிக்கையிலும் உள்ளூர் மக்கள் ஜப்பானியர்களின் தலைகளை எடுத்தார்கள். ஆக, வேண்டும்போது வெட்டச் சொல்வது, படம் வெளியானதும் 'காட்டுமிராண்டி வழக்கம்' என்று கைகழுவுவது. மூன்றாவது முறையாக அது மலாயாவில் நடந்தது.

அந்தக் காலத்துப் படங்களில் இன்னொன்று இருக்கிறது. ராயல் மரின் படையின் தொப்பி அணிந்த ஓர் இபான், ஒரு கூடைக்கு மேல் குனிந்து, உரிக்கப்பட்ட தலைத்தோலைப் பதப்படுத்திக்கொண்டிருக்கிறார். கூடைக்குள் மனித உறுப்புகள். இதைக் குழுவில் காட்டவில்லை. ஆனால் என்னோடு வேலை செய்யும் இபான் நண்பர் ஒருவரிடம், தயங்கித் தயங்கி, காட்டினேன். கப்பிட்டுக்காரர். அவர் கூடையைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மலாயில் கேட்டார்: "தொப்பி து சியாப்பா பாகி?" அந்தத் தொப்பியை யார் கொடுத்தது?

பிறகு அவரே அவாங் அனாக் ராவெங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1951 மே மாதம் ஜொகூர் காட்டில் பிரிட்டிஷ் ரோந்துப் படை ஒன்று பெரும் கெரில்லாக் கூட்டத்திடம் சிக்கியது. தொடையிலும் கையிலும் குண்டடிபட்ட நிலையிலும், காயம்பட்டுக் கிடந்த சிப்பாயை இழுத்து மறைவில் போட்டு, அவனைக் காவல் காத்துத் தனியாகச் சண்டை போட்டவர் அவாங். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. 2020இல்தான் காலமானார். "எங்க ஊர்ல அவரு படம் இருக்கும், மெடலோட. இந்தப் படம் இருக்காது" என்றார் நண்பர். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஏறக்குறைய ஒரே ஓர் ஆண்டு. ஒரே தொழில், ஒரே காடு. ஒரு படம் மாலைபோட்டு மாட்டப்பட்டது, இன்னொன்று சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது. இரண்டையும் எடுத்ததும் பயன்படுத்தியதும் வேறு யாரோ.

இங்கே அபு கிரைப் நினைவுக்கு வராமல் போகாது. ஈராக்கின் அந்தச் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளைச் சித்திரவதை செய்து எடுத்துக்கொண்ட படங்கள் 2004 ஏப்ரல் 28 அன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. டெய்லி வொர்க்கரின் படம் வெளியாகிச் சரியாக 52 ஆண்டுகள், அதே தேதி. தற்செயல்தான், இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு. கட்டைவிரலை உயர்த்தி, கேமராவைப் பார்த்து. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களைத் தூக்கில் தொங்கவிட்டு, கூட்டமாக நின்று படம் எடுத்து அஞ்சலட்டையாக அனுப்பினார்களே, அதில் இருப்பதும் இதே சிரிப்பு. இத்தகைய படங்கள் எதையும் அம்பலப்படுத்துவதற்காக எடுக்கப்பட்டவை அல்ல என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நண்பனுக்குக் காட்ட, வீட்டுக்கு அனுப்ப, ஆல்பத்தில் ஒட்ட எடுத்தவை. வியட்நாமில் எடி ஆடம்ஸ் 1968 பிப்ரவரி 1 அன்று எடுத்த படத்தில், துப்பாக்கியைத் தலையில் வைத்துச் சுடும் அதிகாரி கேமராவுக்காக நிற்கவில்லை. பத்திரிகைக்காரர் வெளியே நின்று பார்க்கிறார். மலாயாச் சிப்பாயின் படத்தில் வெளியே என்று ஓர் இடமே இல்லை. படம் எடுத்தவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். எனக்கு எப்போதும் உறுத்துவது கேமராவுக்குப் பின்னால் இருந்தவன்தான். அவனும் சிரித்திருப்பான், இல்லாவிட்டால் இவன் இவ்வளவு இயல்பாகச் சிரித்திருக்க முடியாது.

அபு கிரைப் படங்களுக்குப் பிறகு விசாரணை நடந்தது, 11 சிப்பாய்கள் தண்டிக்கப்பட்டார்கள். அது போதாது என்பது வேறு விஷயம். மலாயாப் படங்கள் ஓர் உத்தரவோடு நின்றன. எனவே படம் வெளியானால் நீதி கிடைக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோட முயன்றதால் சுடப்பட்டார்கள் என்பதே அரசாங்கத்தின் கதை. 1970இல் அந்தப் படையில் இருந்த சிலரே லண்டன் பத்திரிகை ஒன்றிடம் உண்மையைச் சொன்னார்கள். குடும்பத்தினர் பல ஆண்டுகள் போராடி லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். விசாரணை நடத்த அரசாங்கத்துக்குக் கடமை இல்லை என்று 2015இல் தீர்ப்பு வந்தது. தலைகளின் படத்தை அமைச்சர் சில நாட்களில் ஒப்புக்கொண்டார். படமில்லாத 24 பேருக்கு 67 ஆண்டுகள் போனது.

நம்மிடம் வேறு படங்கள் இருக்கின்றன. 1950 பிப்ரவரியில் கெரில்லாக்கள் தாக்கிய புக்கிட் கெப்போங் காவல் நிலையத்தைப் பற்றி ஜின்ஸ் சம்சுடின் 1981இல் எடுத்த திரைப்படத்தை டிவியில் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே எரிந்துபோன போலீஸ்காரர்களும் அவர்கள் குடும்பங்களும் உண்மையானவர்கள். கெரில்லாக்கள் தோட்டத் தொழிலாளர்களை, நம்மவர்களையும் சேர்த்து, கொன்றிருக்கிறார்கள். பாட்டியிடம் அந்தக் கதைகளும் இருந்தன. காட்டிக்கொடுத்தான் என்று ஒரு தண்டலை ரப்பர் மரத்தில் கட்டிப்போட்டுக் கொன்ற கதையைச் சொல்லும்போதும் அவர் குரல் அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒரு பக்கத்துச் சாவு மட்டும் வண்ணத்தில், இசையோடு, ஆண்டுதோறும் நமக்குக் காட்டப்பட்டது. அமீர் முகமட் சின் பெங்கைப் பற்றி எடுத்த 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' என்ற படம் 2006இல் இங்கே தடை செய்யப்பட்டது. அந்தப் படத்தில் சின் பெங்கின் முகம்கூட வராது.

தமிழர்களுக்கு இதில் என்ன என்று குழுவில் ஒருவர் கேட்டார். கேட்டவர் பொதுவாக எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார். காட்டில் இருந்தவர்களில் பெரும்பான்மையினர் சீனர்கள்தான். தமிழர்களும் மலாய்க்காரர்களும் இருந்தார்கள். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தோழர் பி. வீரசேனன் அதற்கு முந்தைய நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் இந்தப் பதிலைச் சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கூடையில் ஒரு தமிழ்த்தலை இருந்தால்தான் நமக்கு வலிக்க வேண்டுமா?

அன்றைக்குச் சூடு பிடித்த விவாதம் வேறு. இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன், படத்தையும் போடலாமா என்று கேட்டேன். குழுவில் உள்ள அக்கா ஒருவர், பள்ளி ஆசிரியை, "முகத்த மறைச்சுட்டுப் போடு தம்பி" என்றார்.

"யார் முகத்தக்கா? சிப்பாய் முகத்தையா, செத்தவங்க முகத்தையா?" என்றான் சின்னவன்.

யாரும் சட்டென்று பேசவில்லை. செத்தவர்கள் முகத்தை மறைத்தால் அவர்களுக்கு மரியாதை, ஆனால் மிஞ்சுவது சிரிக்கும் வெள்ளைக்காரப் பையன் மட்டும். படம் அவனுடையதாகவே ஆகிவிடும். சிப்பாயின் முகத்தை மறைத்தால் அவனுடைய பேரப்பிள்ளைகளுக்கு நாம் செய்யும் உபகாரமா அது? எதையும் மறைக்காமல் போட்டால், அந்தத் தலைகளை இன்னொரு முறை தூக்கிக் காட்டுகிறோமா? 1952இல் டெய்லி வொர்க்கரின் ஆசிரியர் குழுவும் இதைப் பேசியிருக்கும் என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம். அவர்கள் போட்டதால்தான் எங்களால் உட்கார்ந்து பேச முடிந்தது என்றார் இன்னொருவர். தே தாரிக் ஆறிப்போய்க் கடைக்காரர் மாடி விளக்கை அணைத்து அணைத்துப் போடும்வரை போனது.

பாட்டி உயிரோடு இருந்தபோது, டேசன் முன்னால் கிடத்தியவர்களில் யாரையாவது அடையாளம் தெரிந்ததா என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். தெரிந்தது என்றார். தோட்டத்துக்குக் காய்கறி கொண்டுவரும் சீனத்திப் பெண். பாட்டியைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். கடன் சொன்னால் கொடுப்பாளாம். நெற்றியில் ஒரு தழும்பு இருக்கும், அதை வைத்துத்தான் தெரிந்தது.

"நீங்க என்ன செஞ்சீங்க பாட்டி?"

"என்னா செய்ய. சட்டைக்கு மேல ஒரு கோணிய போத்தி வச்சிருந்தாங்க, அது வெலகியிருந்துச்சு. இழுத்து மூடணும்னு கை வந்துச்சு. அம்மா கையப் புடிச்சுக்குச்சு."

இந்தக் கட்டுரையோடு படத்தை அனுப்பவில்லை. தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும்.